ஆறு பங்காளிகளும் ஒரு குழாயும்

கைகோர்ப்பாளர் என்றொரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாத்தளைப் பக்கம் மழை விழுந்தால் அட்டை வருவதுபோல, பாடசாலைத் தவணை தொடங்கினால் இவர் வருவார். தனியாக ஒரு தும்மல்கூடப் போடமாட்டார். தும்ம வேண்டுமானால் நாலு நிறுவனங்களைக் கூட்டி, செயலமர்வு நடத்தி, "தும்மலுக்காகக் கைகோர்ப்போம்" என்று பதாகை அடித்து, அதன் கீழே எல்லாருடைய சின்னத்தையும் போட்ட பிறகுதான் மூக்கைச் சுளிப்பார். அதற்குள் தும்மல் போயிருக்கும். போனால் என்ன? படம் எடுத்தாயிற்றே!

எனக்குத் தெரிந்த கைகோர்ப்பாளர் ஜெயக்காந்தன். பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சுகாதார அறிவை ஊட்டக் கிளம்பியவர். அங்கே மலசலகூடம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. ஓடையிலிருந்து வரும் பைப் இரண்டு இடத்தில் வெடித்துக் கிடந்தது. ஐந்தாம் வகுப்பு ஹம்சிகா காலையில் வீட்டில் குடிக்கும் தேத்தண்ணியோடு சரி, பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு சொட்டுக் குடிக்கமாட்டாள். குடித்தால் போகவேண்டி வருமே! அடக்கி அடக்கி இந்த வருடத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டாள். வயிறு எரியாதா? அதிபர் நிரஞ்சனி டீச்சருக்கு எரிந்தது.

"சேர், அந்தப் பைப்ப ஒட்டிக் குடுத்தாப் போதுங்க. புள்ளைங்க பொழைச்சுக்கும்."

"பைப் மட்டும் எதுக்கு டீச்சர்? முழுமையா செய்வோம். ஆறு பங்காளிகளக் கூட்டிட்டு வர்றேன்!"

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். நாலு மாதத்தில் ஏழு கூட்டம் கூடினார்கள். ஒருவர் கைகழுவும் தொட்டி தந்தார், ஒருவர் பளபளக்கும் குழாய் தந்தார், ஒருவர் சவர்க்காரம், ஒருவர் கைகழுவும் ஏழு படிகளைச் சுவரில் வரைந்த ஓவியம், ஒருவர் பதாகை, ஆறாமவர் வாழ்த்துரை. தண்ணீர்? அதைக் குழாய்க்காரர் பார்ப்பார் என்று தொட்டிக்காரர் நினைத்தார்; தொட்டிக்காரர் பார்ப்பார் என்று குழாய்க்காரர் நினைத்தார்; வாழ்த்துரைக்காரர் எதையுமே நினைக்கவில்லை. ஓடை மேலே சலசலவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை.

திறப்பு விழா வந்தது. மங்கல விளக்கேற்றி, ஆறு பேருக்கும் பொன்னாடை போர்த்தி, ரிப்பன் வெட்டி, குழாயைத் திருகினார்கள். உள்ளிருந்து ஒரு சிலந்தி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெயக்காந்தன் அசரவில்லை. "தண்ணி பெரிசில்லங்க, அறிவுதான் பெரிசு!" என்று ஹம்சிகாவை மேடைக்கு அழைத்தார். அந்தப் பிள்ளை வெறும் காற்றில் ஏழு படியும் கழுவி முடித்து, இல்லாத தண்ணீரை உதறியது. முன்வரிசையில் இருந்த குழாய்க்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தேகம் இருந்தா தைரியமா கேளுங்க!" என்றார் ஜெயக்காந்தன்.

"சேர், கக்கூஸுக்கு எப்பங்க தண்ணி வரும்?" என்றாள் ஹம்சிகா.

"ஆஹா! நாலு மாசத்துக்கு முன்னாடி இந்தப் புள்ளைக்கு இப்பிடிக் கேக்கத் தெரிஞ்சிருக்குமா? இதுதாங்க சுகாதார அறிவு!"

ஆறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, பரிசு கிடைத்தது. ஆறு சின்னங்கள் பொறித்த தண்ணீர்ப் போத்தல். காலிப் போத்தல்.

பிறகு சிற்றுண்டி. ஜெயக்காந்தன் நாலு ரோல்ஸையும் இரண்டு சோடாவையும் உள்ளே தள்ளினார். அவை வயிற்றுக்குள் கைகோர்த்தன. மனுஷன் பொன்னாடை பறக்க ஓடி மலசலகூடக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து ஒரு குரல், வாழ்த்துரைக் குரல் அல்ல.

"டீச்சர்... தண்ணி..."

பங்காளிகள் அதற்குள் வாகனம் ஏறிப் போயிருந்தார்கள். ஹம்சிகா ஓடையடிக்கு ஓடிப் பரிசுப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து நின்றாள். கொடுக்கப் போன கையை நிரஞ்சனி டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"சேர், தண்ணி வந்திருச்சு. மொதல்ல பைப் ஒட்டுற பாஸுக்கு ஒரு போன் கோல் எடுங்க. நம்பர் சொல்றேன்."

"அடுத்த கூட்டத்துல கட்டாயம்..."

"நாங்க இங்கதான் இருப்போம் சேர். அவசரமில்ல."

கோல் போனது, போத்தலும் உள்ளே போனது. பைப் ஒட்டும் பாஸ் வந்தார். ஏழு கூட்டத்துக்கு அசையாத காரியம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. சாயங்காலம் குழாய் இருமியது, துப்பியது, ஊற்றியது. ஹம்சிகா போத்தலை அங்கேயே நிரப்பி மடமடவென்று முழுவதையும் குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு பங்காளிகளின் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கக்கூஸ் கதவடியில் நடந்த அந்த எட்டாவது கூட்டத்தைப் படம் பிடிக்க முடியாதல்லவா?

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது இதை "அவசியமான விழிப்புணர்வு" என்று ஆறு குழுக்களுக்கு அனுப்ப உங்கள் விரல் துறுதுறுக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் ஒரு குழாய் இருக்கிறது. கடைசியாக அதை எப்போது திருகிப் பார்த்தீர்கள்? பதில் தெரியாவிட்டால், ரோல்ஸ் சாப்பிடும்போது அளவோடு சாப்பிடுங்கள்.