ஏழாவது லெவலில் ஏறாத டோக்கன்

நான் படிக்காத நூல்களைப் பற்றி எனக்கு எப்போதுமே உறுதியான கருத்து இருந்தது. தயக்கமெல்லாம் படித்த நூல்களைப் பற்றித்தான். படித்துவிட்டால் எழுதியவர் பக்கத்திலும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றித் தொலைக்கும். படிக்காதபோது அந்தத் தொல்லை இல்லை. முப்பத்து நான்கு வயதில், தமிழில் முதுகலைப் பட்டமும் தடித்த மூக்குக்கண்ணாடியும் பெற்று, ராபர்ட்சன்பேட்டைப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த காலத்தில், அத்தகைய தெளிவின் உச்சியில் நான் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து என்னைக் கீழே தள்ளியது இலக்கியமன்று, ஒரு பதிவேடு.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்கு நான்கு வரிசை வீடுகள் தள்ளி ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. சுரங்கம் மூடப்பட்டபின், தொழிலாளர் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் வேலை பார்த்த சிலர் கூடித் தொடங்கியது. அவர்களுக்குத் தெரிந்த பதிவேடு உலகில் ஒன்றே: ஷாஃப்ட் என்னும் சுரங்கக் குழியில், கேஜ் என்னும் தூக்குக் கூண்டில் யார் இறங்கினார், யார் ஏறினார் என்று எழுதும் பதிவேடு. ஆகவே நூல்களுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று. பதிவேட்டில் தனிப் பக்கங்கள், மாதத்துக்கு இத்தனை வரிசை என்று. ஒரு நூலைத் தொடங்கினால் ‘இறங்கினார்’, முடித்தால் ‘ஏறினார்’. இரண்டுக்கும் தேதி, ஷிஃப்ட், கையொப்பம். பக்கத்திலேயே நூலைப் பற்றி இரண்டு வரிக் கருத்து. நூல்வகை பன்னிரண்டும் பன்னிரண்டு லெவல்கள். நகைச்சுவை முதல் லெவல், துப்பறியும் கதை ஐந்து, பேய்க்கதை ஏழு, சமையல் எட்டு, ஆக ஆழத்தில், பன்னிரண்டில், மெய்யியல். “நான் இப்ப நாலுல கீறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் பயணநூல் படிக்கிறார் என்று பொருள். (‘லெவல்’ என்பதை மாற்றித் ‘தளம்’ என்று பலகையில் எழுதிவைத்தேன். அந்த மாதம் ஒருவரும் இறங்கவில்லை.) ஒருவருக்கு ஒரே டோக்கன் என்பதால் ஒரு நேரத்தில் ஒரே நூல்; ஒன்றில் ஏறாமல் இன்னொன்றில் இறங்கக் கூடாது.

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று மறு ஆண்டுக்கான நூல் தேர்வாளரை அறிவிப்பார்கள். அவர் கைக்கு அலமாரிச் சாவி வரும். எந்த நூல் உள்ளே வரலாம், எது வெளியே போகவேண்டும் என்பது அவர் விருப்பம். தகுதி ஒன்றே: அந்த ஆண்டில் பன்னிரண்டு லெவலிலும் இறங்கி ஏறியிருக்க வேண்டும்.

அந்தச் சாவியை நான் விரும்பியதுபோல் என் திருமண நகைகளைக்கூட விரும்பியதில்லை. காதல், கொலை, பேய், குழம்பு ஆகிய நால்வகைக் குப்பைகளையும் அலமாரியிலிருந்து அள்ளிக் கொட்டிவிட்டு, உரைநூல்களால் அதை நிரப்புவது என் திட்டம். நாற்பது குடும்பங்களின் வாசிப்பைத் தூய்மை செய்யும் கடமை என்மேல் விழுந்திருப்பதாக நான் உண்மையிலேயே நம்பினேன். (யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.)

போட்டிக்கு இருந்தவள் என் நாத்தனார் மஞ்சுளா. பெங்களூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணினி வேலை. போக இரண்டு மணி, வர இரண்டு மணி நேர இரயில் பயணம். அந்த நான்கு மணி நேரமும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். வேலியோரம் மேயும் ஆட்டுக்கும் அவளுக்கும் வேறுபாடில்லை என்பது அக்காலத்து என் கருத்து.

“அண்ணி, இந்தப் பேய்க்கத சூப்பரா கீது. ஒரு தபா எறங்கிப் பாருங்களேன்” என்றாள் ஒருநாள்.

“உயிரோடு இருப்பவர்களிடம் பேசவே எனக்கு நேரமில்லை, மஞ்சுளா.”

“உயிரோட கீறவங்க எழுதனதயும் நீங்க படிக்கறது இல்லியே, அண்ணி.”

நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம்போல் இருக்கிறது.

உண்மை நிலவரம் வேறு. டிசம்பர் நடுவில் என் பக்கத்தில் இருந்தவை இரண்டே லெவல்கள்: இலக்கணம், மெய்யியல். அவற்றிலும், இலக்கணத்தில் ஒரே உரைநூலில்தான் மூன்றுமுறை இறங்கி ஏறியிருந்தேன். பத்து லெவல்களில் என் நிழல்கூட விழவில்லை. நூல் தேர்வாளர் ஆகவேண்டுமானால், நான் ஒழிக்க நினைத்த குப்பைகளையெல்லாம் முதலில் நான் படித்தாக வேண்டும்! இத்தகைய அநீதிக்குக் கட்டுப்படுவது என் கல்விக்கு இழுக்கு என்று முடிவுசெய்தேன்.

பதிவேடு எங்கள் வீட்டில்தான் இருந்தது. என் மாமனார் மாணிக்கம் டைம் ஆபீஸில் முப்பதாண்டு இருந்தவர். வட்டத்தின் பதிவேட்டைப் பாதுகாப்பவரும் ஆண்டிறுதியில் சரிபார்ப்பவரும் அவரே. ஒரு சனிக்கிழமை முற்பகலில் அவர் முடிவெட்டிக்கொள்ள ஆண்டர்சன்பேட்டைக்குப் போனார். நான் பீரோவின் மேலிருந்து பதிவேட்டை இறக்கி, மஞ்சுளாவின் நூலடுக்கின்முன் அமர்ந்து, இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு நூல்களை ‘வாசித்து’ முடித்தேன். கைதான் சற்று வலித்தது.

ஐயம் எழாதிருக்க மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். சில இடங்களில் கையெழுத்தைச் சோர்வாக எழுதினேன், பள்ளியிலிருந்து களைத்து வந்தவளைப்போல. (குற்றம் செய்பவர் அனைவரும் தம்மைப் பெரிய புத்திசாலி என்றே நினைக்கிறார்கள். ஐந்தாவது லெவலில் ஒரு நூலாவது படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும்.) கருத்துப் பகுதியில் என் திறமை கரைபுரண்டது. ‘நடை நொண்டுகிறது.’ ‘காதலர் இணைந்தது நமக்குப் பேரிழப்பு.’ ‘நகைச்சுவை என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள், நன்றி.’ அட்டை கிழிந்த நூல்களுக்கு முதலில் கண்ணில்பட்ட படமே ஆதாரம். ஆக அதிகமாக அவற்றைத்தான் திட்டினேன்.

ஜூலை மாதத்தில் எஞ்சிய வரிசையொன்றில் பேய்க்கதையில் இறங்கிக் கையொப்பமிட்டபோது, வாசலில் மாமாவின் செருப்போசை. பதிவேட்டை மூடி மேலே வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

அவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற அச்சம் எனக்குத் துளியும் இல்லை. மாமா நூல் படிப்பவரல்லர். வாழ்நாளில் அவர் படித்தது பதிவேடு ஒன்றே என்று அவரைப் பற்றி நான் ஏளனமாகச் சொல்வதுண்டு. அதை அவர் எப்படிப் படிப்பார் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தது. வட்டத்தின் கூடத்தில் முப்பது பேர். பெரும்பாலோர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள். டீயும் பன்னும் சுற்றி வந்தன. நான் பட்டுக்கரைப் பருத்திச் சேலையில் முன்வரிசையில் இருந்தேன். கைப்பையில் நான்கு பக்க ஏற்புரையும், வெளியேற்றப்பட வேண்டிய நூல்களின் பட்டியலும் தயாராக இருந்தன.

தலைவர் இருதயராஜ் முதலில் மஞ்சுளாவை எழுப்பினார்.

“அறுவத்து மூணு புக்கு சார். பதினோரு லெவல் ஏறிட்டேன். பன்னெண்டுல எறங்கி மூணாவது பக்கத்துல மூச்சு முட்டிக்கிச்சி, பாதியில ஏறிட்டேன். அதயும் எழுதிக்கீறேன்.”

கூடம் சிரித்தது. நான் இரக்கத்தோடு தலையசைத்தேன். ஒரு லெவலில் சாவி நழுவியவளைப் பார்த்து இரக்கப்படுவது எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அடுத்து என் பக்கம். “டீச்சர் பன்னெண்டும் முடிச்சிக்கீறாங்க!” என்று தலைவர் சொல்ல, கைதட்டல் எழுந்தது. “மாணிக்கம், பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுடுப்பா.”

மாமா பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பினார். சுட்டுவிரல் வரிசை வரிசையாக இறங்கியது. நின்றது. மேலே போனது. மறுபடி இறங்கியது.

“அமுதா, மார்ச் மாசம் ரெண்டாவது திங்கக்கெழம, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. அஞ்சுல கீற.”

“ஆம், மாமா.”

“அதே நாளு, அதே ஷிஃப்ட்டு, எட்டுலயும் கீற.”

“இரண்டையும் ஒப்பிட்டு வாசித்தேன், மாமா.”

“நடுவுல ரெண்டு லெவலு கீதேம்மா. கேஜு எப்படி வந்துச்சி?”

பின்வரிசையில் யாரோ டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். “திங்கக்கெழம காலயில, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல, டீச்சர் இஸ்கூல்லல்ல இருக்கணும்?” என்று ஒரு குரல் கேட்டது. என் கணவர் சேகர் கூடத்தின் கூரையை ஆராயத் தொடங்கினார். நான் ஏற்புரையைக் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

மாமா சிரிக்கவில்லை. அவர் விரல் வேறொரு வரிசையில் நின்றிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிப் பார்த்தார்.

“ஜூலை மாசம், செகண்ட் ஷிஃப்ட்டு, ஏழாவது லெவலு” என்றார் மெதுவாக. “எறங்கனது கீது. ஏறனது இல்ல.”

சிரிப்பு நின்றது. அடங்கவில்லை, அறுந்தாற்போல் நின்றது. டீக்குவளைகள் கீழே வைக்கப்பட்டன. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தம்மையறியாமல் எழுந்து நின்றார். “நல்லா பாத்தியா, மாணிக்கம்?” என்று தலைவர் கேட்ட குரலில், பன்னும் டீயும் பேய்க்கதையும் இல்லை.

“ரெண்டு தபா பாத்துட்டேன். காலியா கீது.”

அந்தக் கூடத்தில் சிரித்தவள் நான் ஒருத்திதான். “எழுத மறந்துவிட்டேன், மாமா. அவ்வளவுதானே!” என்றேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அத மட்டும் யாரும் மறக்கறது இல்லம்மா” என்றார்.

அந்த நொடியில் எனக்கு விளங்கியது. அந்த மனிதர்கள், இறங்கியவர் மேலே வராத நாட்களில், காலியான ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ முறை ஷாஃப்டின் வாயில் நின்றிருக்கிறார்கள். இலக்கணத்தில் மூன்றுமுறை இறங்கி ஏறிய நான், “மாமா, நான்...” என்று எழுவாயோடு நின்றுவிட்டேன்.

மஞ்சுளாதான் எழுந்தாள். “அப்பா, பயப்படாதீங்க. அண்ணி உள்ள இல்ல. அவங்க எறங்கவே இல்ல!”

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு. அதன்பின் எழுந்த சிரிப்பு, சாலைவரை கேட்டிருக்கும். எழுந்து நின்ற பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு அமர்ந்தார். ஒரு பெண்ணின் மானம் இவ்வளவு பேருக்கு இவ்வளவு நிம்மதி தந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“அந்தப் பேய்க்கத ஜூலை பூரா என் பையிலதாங்க கெடந்துச்சி” என்ற மஞ்சுளா, பதிவேட்டில் எட்டிப் பார்த்தாள். “அண்ணி, இது இன்னா? அஞ்சாவது லெவல்ல எழுதிக்கீறீங்களே, ‘கொலைக்கான காரணம் வலுவாக இல்லை, உடலை மறைக்கும் பகுதி இழுவை’ன்னு?”

“அட்டை கிழிந்த நூல். கத்தியும் இரத்தமும் படம் போட்டது” என்றேன், கடைசித் துளி மிடுக்கோடு.

“ஐயோ அண்ணி, அது கறிக்கொழம்பு புக்கு! அது ரத்தம் இல்ல, தக்காளி!”

அதன்பின் கூடத்தில் என்ன நடந்தது என்று விவரிக்க என் நடைக்கு வலுவில்லை. சாவி மஞ்சுளாவுக்குப் போனது. பொய்யாய்ப் பன்னிரண்டு ஏறியவளைவிட, மெய்யாய்ப் பதினொன்று ஏறியவள் மேல் என்று தலைவர் விதியை அங்கேயே திருத்தினார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் வீட்டுக்கு ஓடி முகத்தை மறைத்திருப்பேன். மாமா விடவில்லை. “மத்த பொய்யெல்லாம் அடிச்சிடலாம். இதுல எறங்கன கையெழுத்து மட்டுந்தான் கீது. எறங்கனவங்க ஏறாம ஷிஃப்ட்ட மூட முடியாது” என்றார். எவரும் மறுக்கவில்லை. கடைசி ஆள் மேலே வரும்வரை ஷாஃப்டைவிட்டு யாரும் போவதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். மஞ்சுளா பையிலிருந்து பேய்க்கதையை எடுத்து நீட்டினாள். எனக்குச் சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். முப்பது பேரும் காத்திருந்தார்கள்! ராபர்ட்சன்பேட்டைக்கு ஆளனுப்பிப் பிரியாணி வரவழைத்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம், “உள்ள கீறவங்களுக்கு” என்று.

முதல் பத்துப் பக்கம் உதட்டைச் சுழித்தபடியே படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் பிழைகளை எண்ணுவதை நிறுத்தினேன். நூறாம் பக்கத்தில், கிணற்றடிக் கதவு தானாகத் திறந்த இடத்தில், தலைவர் டீயோடு வந்து என் தோளைத் தொட்டார். நான் போட்ட கூச்சலில் அடுத்த வரிசை வீடுகளிலிருந்து நான்கு பேர் தடியோடு வந்தார்கள்.

மாலை நான்கு மணிக்கு நூலை மூடினேன். மாமா பேனாவை நீட்டினார். ‘ஏறினார்’ என்ற கட்டத்தில் கையொப்பமிட்டேன். கருத்துப் பகுதியில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. “எல்லாரும் ஏறியாச்சி” என்று மாமா உரக்கச் சொன்னார். அனைவரும் எழுந்து, ஷிஃப்ட் முடிந்தவர்களைப்போல், ஒன்றுமே நடவாததுபோல் வீட்டுக்குப் போனார்கள்.

பத்தாண்டுகளுக்கும் மேலாகிறது. இன்று என் வீட்டில் எனக்குக் கருத்துரிமை இல்லை. புதுப்படம், பக்கத்து வீட்டு மருமகள், பள்ளியின் புதிய தலைமையாசிரியர், எதைப் பற்றி வாய்திறந்தாலும் சேகர் கேட்பது ஒன்றே: “நீ எறங்கனியா?” அந்தக் கூட்டத்தைப் பார்த்தேயிராத என் மகள், சாட்சிபோல், “அம்மா எறங்கவே இல்ல!” என்பாள்.

சென்ற மாதம் பேருந்து பழுதாகி வீடு வந்துசேர இருட்டிவிட்டது. சோற்றுத்தட்டின்முன் அமர்ந்திருந்த மாமா, “ஏறிட்டாளா?” என்று கேட்பது வாசல்வரை கேட்டது. மகள் தன் பாடத்தை ஒப்பித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்ற பிறகே, தட்டில் கைவைத்தார்.