ஊஞ்சல் தூரம்

குழந்தைகளின் எதிர்காலத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். வெல்பரோ ஊரில் இருந்தது: நாலாயிரத்து இருநூறு டாலர். ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், பொருத்துக்கூலி உட்பட. கொடுத்தவள், அரசு உரிமத்தோடு கஞ்சா விற்கும் ஊரின் ஒரே கடைக்காரி லோர்னா.

அவளுக்குத் திடீர்ப் பிள்ளைப்பாசம் வரக் காரணம் இருந்தது. எதிரே பூட்டிக் கிடந்த செருப்புக்கடையின் கண்ணாடியில் ஒருநாள் காலை யாரோ வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது என்று சட்டமே சொல்லும் வியாபாரம் அந்தத் தெருவில் ஒன்றுதான், அது அவளுடையது. ஆகப் போட்டி வந்துவிட்டது. போய் விசாரித்திருக்கலாம். விசாரித்தால் பயந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும். நேரே கவுன்சிலர் டுவேனிடம் போனாள்.

டுவேன் குழந்தைகளுக்காகவே அரசியலுக்கு வந்தவர். சொந்த மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பது மட்டும் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வராது.

“கட்டுப்பாடு கொண்டு வந்துரலாம்,” என்றார். “பிள்ளைங்க விளையாடுற இடத்துலேர்ந்து நூத்தம்பது மீட்டருக்குள்ள புதுசா கஞ்சாக் கடை கூடாதுன்னு. ஆனா உங்க தெருவுல ஒரு பிள்ளையும் விளையாடலையே?”

“விளையாட வைக்கிறேன்,” என்றாள் லோர்னா.

முக்கில் கிடந்த நகர சபையின் காலி மனையில் ஊஞ்சல் முளைத்தது. எதிர்க்கடைக்கு எண்பது மீட்டர். தன் கடைக்கு எவ்வளவு என்று அவளே நடந்து அளந்தாள். விளக்குக் கம்பம் வரை போய், ரோட்டைக் கடந்து, திரும்பி வந்தால் நூற்று எழுபது. ஆனால் சபையில், சட்ட வரைவிலிருந்த ‘புதுசா’ என்ற சொல்லை யாரோ அடித்துவிட, கட்டுப்பாடு பழைய கடைக்கும் வந்தது. சபையின் அளவையாளரோ நடக்கவே இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். தொண்ணூறு.

பதறிப்போய் மறுபடி டுவேனிடம் ஓடினாள். ஊஞ்சலுக்கு முன்பே திறந்த கடைக்கு விலக்கு என்று அவர் ஒரு வரி சேர்த்தார். ஊரார் சந்தேகப்படாமலிருக்க, சட்டத்தை ஆதரித்து அவளையே சபையில் பேசச் சொன்னார். பேசினாள். கஞ்சா பிஞ்சு மூளைகளை என்ன பாடு படுத்தும் என்று கண்ணீர் மல்க, கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்.

பின்வரிசையில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “இந்தம்மா சொல்றதக் கேட்டா எனக்கே நடுங்குது. அப்ப இந்தம்மா கடை மட்டும் எதுக்கு?”

கைதட்டல். டுவேன் கைதட்டல் வந்த திசையைப் பார்த்தார், அக்டோபரில் தேர்தல். விலக்கை நீக்க முதலில் கை தூக்கியவர் அவர்தான். மூன்று மாதத்தில் கடையை மூட வேண்டும்.

லோர்னா மனதுக்குள் கணக்குப் போட்டாள். செலவு: ஊஞ்சல், சறுக்குமரம், கடை. வரவு: எதிரியும் ஒழிந்தான். அந்த ஒற்றை வரவையாவது ருசித்துவிடும் ஆசையில், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சபை எழுத்தர் கிரேட்டாவிடம் கேட்டாள்.

“எதிர்க்கடைக்காரன் வந்திருந்தானா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“அவரா? சந்தோஷமாத்தான் போனார்,” என்றாள் கிரேட்டா. “பிள்ளைங்களுக்குப் பல் பாக்குற டாக்டர். அதுங்க வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்கிறது ரோட்டுக்குத் தெரிய வேண்டாம்னு கண்ணாடிய மறைச்சிருக்காராம். பக்கத்துலயே ஊஞ்சல் போட்டுக் குடுத்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.”