கதவுக்குள் ஒரு குளம்

ஓட்டையைக் கண்டால் சிலர் எட்டிப் பார்ப்பார்கள். சிலர் கண்டும் காணாததுமாகப் போய்விடுவார்கள். மனிதகுலத்தில் பெரும்பான்மையினர் இவர்கள்தான், இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. ஓட்டை கண்ணில் பட்ட மாத்திரத்தில் இந்த ரகத்துக்குக் கை பரபரக்கும், பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கும். அந்த ஓட்டை ஏன் அங்கே இருக்கிறது, யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்றெல்லாம் விசாரிப்பது இவர்கள் வழக்கமில்லை. அடைத்துவிடுவார்கள். அடைத்த பிறகுதான் வாக்கியத்தை முடிப்பார்கள்.

இந்த ரகத்துக்கு ஓட்டையடைப்பார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உங்களுக்கு ஒருவரையாவது தெரிந்திருக்கும். அலுவலக மேசை இழுப்பறையில் மூன்று நிறத்தில் ஒட்டுநாடா வைத்திருப்பார். காரில் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் சிலிக்கோன் பசைக் குழாய் ஒன்று உருண்டு விழும். அதன் மூக்கையும் ஒரு திருகாணி வைத்து அடைத்திருப்பார். வீட்டில் பூந்தொட்டி எதுவும் பிழைக்காது. தொட்டிக்கு அடியிலுள்ள துளை வழியாகத் தண்ணீர் வீணாகிறதே என்று அதை அடைத்துவிட்டு, வேர் அழுகியதும் "செடி சரியில்ல" என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவார். ஃப்ரிட்ஜின் உள்சுவரில் கீழே தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்குமே, அதையும் விட்டுவைத்ததில்லை. அன்று முதல் அவர் வீட்டுக் கீரை நீச்சலடிக்கிறது. முதுகுக்குப் பின்னால் இவருக்கு 'பசை சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

இவரிடம் இருப்பவை இரண்டே வாக்கியங்கள். தொடங்கும்போது, "சின்ன வேலைதான், நானே பார்த்துக்கிறேன்." முடித்ததும், "அடைச்சாச்சு." நடுவில் ஒரு கேள்விக்குறி நுழைய இடம் உண்டா? அதையும் அடைத்திருப்பாரே!

இப்படிப்பட்ட பசை சார் ஒருவர், மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தன் காரைக் கழுவினார். கழுவி, துடைத்து, கண்ணாடிக்கு மெருகேற்றி, நாலடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தார். எல்லாம் காய்ந்த பிறகும் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் குப்புறப் படுத்தார். கதவின் அடிவிளிம்பில் வரிசையாக மூன்று ஓட்டைகள். அடுத்த கதவிலும் மூன்று. நான்கு கதவுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு!

அவர் மூளை எப்படி ஓடியது என்று பாருங்கள். தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே வருகிறது. ஆகவே ஓட்டை வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். ஆகவே கார் செய்தவர்கள் கவனக்குறைவானவர்கள். ஆகவே பசை.

"வண்டி செஞ்சவன் அடைக்க மறந்துட்டான்," என்று மனைவியிடம் சொன்னார்.

"பன்னெண்டையுமா மறந்தான்?"

"மறதின்னு வந்துட்டா மொத்தமாத்தான் வரும்."

அரை மணி நேரத்தில் அடைச்சாச்சு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் தடவி, வழவழவென்று ஆக்கிவிட்டு எழுந்தார். அடுத்த நாள் மழை வந்தது. மூன்று வாரம் நிற்கவில்லை.

அந்தக் காரில் தினமும் நான்கு பேர் போவது வழக்கம். பசை சார் ஓட்டுவார். பக்கத்தில் மனைவி, தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. பின்னால் மனைவியின் தம்பி, இன்னும் நக்கல் அடங்காத வயது. அவனுக்குப் பக்கத்தில் பசை சாருடைய அலுவலக ஸ்டோர்கீப்பர். இரண்டாம் வாரம் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

"அத்தான், ஏதோ களக் களக்குங்குதே?"

"உன் தண்ணி பாட்டில்."

"நான் பாட்டிலே கொண்டு வரலையே."

"அப்ப சாரோடது."

ஸ்டோர்கீப்பர் தன் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். அது காலி.

"ரோடு சரியில்ல," என்றார் பசை சார்.

சத்தத்தைத் தொடர்ந்து வாசனை வந்தது. வாளியில் ஊறப்போட்டு மூன்று நாள் மறந்துபோன துணியை நீங்கள் முகர்ந்ததுண்டா? அந்தத் துணிக்குள் ஒரு நனைந்த செய்தித்தாளைச் சுற்றி, இரண்டையும் உங்கள் மூக்குக்கு எதிரே மூடிய அறையில் வைத்தால் எப்படியோ அப்படி. கதவு ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் வாய் கொப்பளித்துக்கொண்டே வாசித்தார். வாசனைக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா? பசை சார் ஒரே வாரத்தில் ஐந்து கண்டுபிடித்தார். மச்சினன் ஷூ. ஸ்டோர்கீப்பரின் டிபன் பாக்ஸ். செத்த எலி. சாகாத எலி. ஊரின் பொதுவான காற்று.

கண்டுபிடித்ததும் வைத்தியம். கண்ணாடியில் ஒரு எலுமிச்சை வாசனை அட்டை தொங்கியது. அது போதவில்லை என்று டேஷ்போர்டில் லாவெண்டர் புட்டி. அதற்கும் அடங்கவில்லை என்று இருக்கைக்கு அடியில் காப்பிக்கொட்டைப் பை, பின்னால் கரித்துண்டு மூட்டை, ஏறும்போதும் இறங்கும்போதும் 'கடல் காற்று' என்று பெயரிட்ட ஒரு ஸ்ப்ரே. கெட்ட வாசனை எங்கும் போகவில்லை. நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் கழன்றவர் ஸ்டோர்கீப்பர். "டாக்டர் நடக்கச் சொல்லிட்டார் சார்."

"ஒம்பது கிலோமீட்டரா?"

"ஆமா சார். குறையக் கூடாதாம்."

அடுத்தது மச்சினன். அவனுக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது. "அத்தான், மீன் வளர்க்கறதா இருந்தா தொட்டில வளருங்க. கார்ல வேணாம்," என்று சொல்லிவிட்டு நண்பனின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டான்.

மனைவி மட்டும் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது, மரியாதை ஏது? ஒரு வியாழக்கிழமை, முதல் வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி ஸ்லேட்டைக் காட்ட வந்தவள், அப்படியே நின்று ஒருமுறை இழுத்து மூச்சுவிட்டு, வகுப்புக்கே கேட்கிற குரலில் அறிவித்தாள்: "டீச்சர், நீங்க காயவே இல்ல."

அன்று மாலை மனைவி சத்தம் போடவில்லை. கைப்பையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமையிலேர்ந்து நான் பஸ்ல போயிக்கிறேங்க."

பசை சாருக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் இருவருக்கும் பேச நேரம் கிடையாது. இவர் செய்தி பார்ப்பார், அவர் நோட்டுத் திருத்துவார். பேச்செல்லாம் காரில்தான். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். பாலத்து வழியாகப் போனால் பதினைந்தே நிமிடத்தில் பள்ளிக்கூடம் போகலாம். பல வருடங்களாக இவர் அந்த வழியில் போனதில்லை. ஏன் என்று கேட்டால் "டிராஃபிக்" என்பார். பாலத்தில் டிராஃபிக்கே கிடையாது.

ஆக, சனிக்கிழமை காலை, சின்ன வேலைதான் என்று சொல்லாமல், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மெக்கானிக்கிடம் போனார். சாட்சிக்கு மனைவியையும் கூட்டிப்போனார். மெக்கானிக் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கை வரை கிரீஸ். சொல்வதைக் கேட்கத்தான் பசை சார் போனார் என்றா நினைத்தீர்கள்?

"ஏசி ஃபில்டர மாத்திடுங்க மேடம். நான் எல்லாம் பார்த்துட்டேன்."

அந்த அம்மா முன்கதவைத் திறந்து சாத்தினார். களக். மறுபடி திறந்து சாத்தினார். களக்.

"ஃபில்டர் இப்படிப் பேசாது சார்." குனிந்து கதவின் அடியில் விரலை ஓட்டினார். ஓடிய விரல் நின்றது. "இத யாரு அடைச்சது?"

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"வரும்போதே கட்டைவிரல் ரேகை பதிச்சுக் குடுத்தாங்களா சார்?"

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரிலிருந்த டயர் காலண்டரைப் பார்த்தார்.

மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் ஓட்டையின் பசையைக் குத்திக் கிழித்தார். வந்தது பாருங்கள் தண்ணீர்! தேநீர் நிறத்தில், இரண்டு அழுகின இலையோடு, நாலைந்து கொசுப்புழு நெளிய, முக்கால் வாளி நிறைகிற வரைக்கும் நிற்காமல் வந்தது. அது ஒரு கதவு. இன்னும் மூன்று இருந்தன.

"மழை பெஞ்சா கண்ணாடி ஓரமா தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும் சார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். இறங்கினது வெளிய போறதுக்குத்தான் அடியில வழி விட்டிருக்காங்க. நீங்க அந்த வழிய அடைச்சுட்டு மேல செண்ட் அடிச்சிருக்கீங்க."

"சின்ன வேலைதானேன்னு..." என்று ஆரம்பித்த பசை சார், மனைவியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார். ஒன்றுமே இல்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கதவுகளின் உள்பலகைகள் கழன்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் தாளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. துடைத்தார்கள், கழுவினார்கள், தரைவிரிப்பைப் பிழிந்தார்கள். பன்னிரண்டு ஓட்டையும் திறந்தன. "நாளைக்கு முழுக்க நாலு கதவையும் திறந்தே போட்டுக் காய விடுங்க. அந்த புட்டி, பை, மூட்டை எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. அப்பத்தான் நாத்தம் போச்சா இல்லையான்னு தெரியும்."

ஞாயிறு முழுவதும் வாசலில் அந்தக் கார் இறக்கை விரித்த கோழி மாதிரி நின்றது. வெயில் நகர நகர வண்டியை நகர்த்திக்கொண்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பசை சார். போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். "காய்ச்சல்," என்றார் முதல் ஆளிடம். நாலாவது ஆளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை. மனைவி பையோடு வெளியே வந்தார். இடதுபக்கம் திரும்பினால் பஸ் நிறுத்தம். வலதுபக்கம் கார். பசை சார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் பேசவில்லை, அது அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை. மனைவி தலையை மட்டும் உள்ளே நீட்டி முகர்ந்தார். நிமிர்ந்தார். இன்னொரு முறை நீட்டி முகர்ந்தார்.

"ம்," என்றார். ஏறி உட்கார்ந்தார்.

பாலத்து வழியைத் தவிர்த்து வண்டி மெல்லப் போனது. அந்தச் சிறுமி "நீங்க காயவே இல்ல" என்று சொன்னதை மனைவி அன்றுதான் முழுசாகச் சொன்னார், அவளைப் போலவே குரலை உயர்த்தி. பசை சார் சிரித்ததில் ஒரு சிக்னலைத் தவறவிட்டார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் இறங்கிக் குடை பிடித்து மனைவிக்குக் கதவைத் திறந்தவர், அடிவிளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டார். சொட்டு. சொட்டு. அவர் கை தானாகக் கீழே போனது.

"கைய எடுங்க."

"இல்ல, சொட்டுது..."

"சொட்டட்டும்." மனைவி குடைக்குள் வந்தார். "சாயந்தரம் நாலரைக்கு வந்துடுங்க. லேட் பண்ணாதீங்க."

நல்லது. நீங்கள் சிரித்தாகிவிட்டது. நம் வீட்டில் இப்படி யாரும் இல்லையே என்று நிம்மதியும் அடைந்திருப்பீர்கள். அடுத்த மழை விட்டதும் வாசலுக்குப் போங்கள், உங்கள் வண்டியின் கதவடியைப் பாருங்கள். கண்டிப்பாகச் சொட்டிக்கொண்டிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், அது தானாக நிற்கிற வரைக்கும் வேடிக்கை பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. முடிந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். இரண்டாவது நிமிடமே குனிந்து, விரலால் அந்த ஓட்டையை லேசாகத் தொட்டு, 'சும்மா பார்த்தேன்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால், திரும்பி ஜன்னலைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் ரகம் ரொம்ப நாளாகவே தெரியும்.