உட்காரும் இடத்து ஞானம்

"நாலாவது டயரை நேத்தே திருப்பி அனுப்பிட்டேன்" என்று ஆல்வின் காலைச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது, அவர் மனைவி ரோஸ்வித்தா ப்ரெட்செல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன், ஓட்டையா?"

"ஓட்டை இல்ல. மத்த மூணும் நாற்பத்தோராவது வாரத்துல செஞ்சது. இது நாற்பத்தி நாலாவது வாரம்."

"வருஷம் ஒண்ணுதானே?"

"வருஷம் ஒண்ணுதான். வாரம் வேறயாச்சே. ஒரு வண்டிக்கு நாலு காலும் ஒரே வயசா இருக்க வேணாமா?"

"உனக்கும் எனக்கும் ஆறு வயசு வித்தியாசம். வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள் ரோஸ்வித்தா.

ஆல்வின் ஹேஃபெலே எடை அளவு முத்திரை அலுவலகத்தில் அதிகாரி. எஸ்லிங்கன் சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைத் தராசு முதல் பெட்ரோல் பம்பு வரை அவர் முத்திரை குத்தினால்தான் செல்லும். அப்படிப்பட்டவர் பாதி ஆயுள் ஆசைப்பட்டுவிட்டு, போன நவம்பரில்தான் ஒரு கருநீல ஸ்போர்ட்ஸ் செடானை இரண்டாம் கையாக வாங்கினார். குளிர்காலம் என்பதால் பனியில் வழுக்காத குளிர் டயரோடு வந்தது. கோடை டயரை நீங்களே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று விற்றவர் சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு ஆல்வினைத் தெரியாது.

அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர் டயர், ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை கோடை டயர். இது அந்த ஊரில் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. அந்த வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை மகள் ஃப்ரீடாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், மெரானில். ஆப்பிள் தோட்டக்காரர்கள்.

"இருக்கிற டயர்லயே போயிட்டு வந்துடலாமே. மலை உச்சியில ஏப்ரல்லயும் பனி கொட்டும்" என்று ரோஸ்வித்தா பிப்ரவரியிலேயே சொன்னாள்.

"ஈஸ்டருக்கு அப்புறம் குளிர் டயரோட சம்பந்தி வீட்டு வாசல்ல போய் இறங்கச் சொல்றியா? அதுக்குக் கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துல நிக்கலாம். அதுவும் இல்லாம, எனக்கு உட்கார்ந்தா தெரிஞ்சுடும்."

இந்த 'உட்கார்ந்தா தெரிஞ்சுடும்' என்பதுதான் ஆல்வினின் பெருமை. டயரின் தரத்தைக் கையால் அறிய முடியாது, ஸ்டியரிங் பொய் சொல்லும், உட்காரும் இடம் ஒன்றுதான் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. வெள்ளிக்கிழமை பீர் மேசையில் இதைச் சொல்லிச் சொல்லி, நண்பர்கள் அவரை உட்காரச் சொல்வதற்கே கூச்சப்பட ஆரம்பித்திருந்தார்கள்.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது காய்ந்த சாலையில் கல்லைப்போல் நிற்கும் ஒரு டயர். மூன்று பத்திரிகைகள் அதற்கு முதலிடம் கொடுத்திருந்தன. சனிக்கிழமை வாசல் கூட்டும்போது அடுத்த வீட்டு மெர்க்லேயிடம் பெருமையாகச் சொன்னார்.

மெர்க்லே துடைப்பத்தைக் கீழே ஊன்றினார். "நல்ல டயர்தான். மழையில என்ன செய்வீங்க?"

"மழையிலயும் நிக்குமே."

"நிக்கும். நீங்க நினைச்ச இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கும். முன்னாடி வண்டி எதுவும் இல்லாட்டி ஒரு குறையும் இல்ல."

ஆல்வின் அன்றே அதை வேண்டாமென்று சொல்லி, மழைக்கென்றே பிறந்த டயர் ஒன்றைச் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை பீர் மேசையில் அதற்கும் ஆள் இருந்தது. "அந்தக் கொழகொழப்பா? வளைவுல உன் வண்டி ஜெல்லி மாதிரி ஆடுமேய்யா. அதுக்கு நீ பஸ்லயே போகலாம்." மழை டயரும் போயிற்று. மூன்றாவதாக வந்ததுதான் அந்த வாரக் கணக்கு டயர். நாலாவதைத் திருப்பி அனுப்பினார் அல்லவா, அதற்குப் பதில் நாற்பத்தோராவது வாரத்தில் பிறந்த டயர் நாடெங்கும் இல்லை என்று பதில் வந்தது. மூன்று டயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அவற்றையும் அனுப்பிவிட்டார்.

இதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. வந்தது போயும்விட்டது. ஈஸ்டர் திங்களன்று மெர்க்லே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹேஃபெலே, இன்னும் குளிர் விடலையா?"

ஆல்வின் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வரும்போல இருந்தது. வண்டி வாங்கியதற்கே அவரைக் கிண்டல் செய்த ஊர் அது. கல்யாணத்துக்கு அதில் கம்பீரமாகப் போய் இறங்கவேண்டும் என்பதற்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்.

அன்று மாலை ரோஸ்வித்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாதபோதுதான் ஆல்வினுக்குப் பயம்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலையில நான் மெரானுக்குக் கிளம்பறேன். வண்டி தயாரா இருந்தா வண்டியில. இல்லாட்டி ரயில்ல. உன் டயர் முடிவாகலைங்கிறதுக்காக என் பொண்ணு அப்பா இல்லாம கோயிலுக்குள்ள நடந்து போனா, திரும்பி வந்ததும் முதல் வேலையா இந்த வண்டியை வித்துடுவேன்."

ஆல்வின் செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரோமயர் டயர் கடைக்கு ஓடினார். ஈஸ்டர் முடிந்த வாரம், ஊரே அங்கே நின்றது. மேசையில் ஊர்சுலா என்ற பெண் இரண்டு போன்களை இரண்டு காதில் வைத்திருந்தாள்.

"மே மாசம் வாங்க சார்."

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்மா."

ஊர்சுலா ஒரு போனைக் கீழே வைத்தாள். "சரி, வியாழக்கிழமை காலையில வண்டியை விட்டுட்டுப் போங்க. எந்த டயர்?"

அலைந்து திரிந்த ஆல்வின், கடைசியில் வண்டியில் ஏற்கெனவே இருந்த குளிர் டயரைச் செய்த அதே கம்பெனியின் கோடை டயரையே சொன்னார். காய்ந்த சாலையில் இரண்டாமிடம், மழையில் இரண்டாமிடம், வளைவில் இரண்டாமிடம். எதிலும் முதலிடம் இல்லாததைத் தேர்ந்தெடுக்க அவருக்கு மனசே இல்லை.

வியாழக்கிழமை பார்த்து, நெடுஞ்சாலை பெட்ரோல் பம்பு ஒன்றில் அளவு குறைகிறது என்று புகார். ஆல்வின் போக வேண்டியதாயிற்று. சாயங்காலம் ரோஸ்வித்தாதான் கடைக்குப் போய் வண்டியை எடுத்து வந்தாள். ஆல்வின் வீடு திரும்பும்போது வண்டி வாசலில் நின்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, டயருக்குக் கறுப்பு மை பூசி, மணப்பெண் மாதிரி நின்றது. குனிந்து பார்த்தார். கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"ஓட்டிட்டு வந்தியே, எப்படி இருந்துச்சு?" என்றார்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றாள் ரோஸ்வித்தா.

"உனக்குத் தெரியாது. அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்."

"இருக்கும். பெட்டியை எடுத்து வை."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தெரு முனை திரும்புவதற்குள் ஆல்வினின் முகம் மலர்ந்துவிட்டது.

"ரோஸ்வித்தா, இது டயர். இவ்வளவு நாள் நான் ஓட்டினது கஞ்சி. சாலையில கிடக்கிற ஒவ்வொரு கல்லும் எனக்குச் சேதி சொல்லுது."

"கல்லெல்லாம் என்ன சொல்லுது?"

"இப்பத்தான் கண்ணு தெறந்துச்சுங்குது."

ரோஸ்வித்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. மகளை நினைத்து அழுகிறாள் என்று ஆல்வின் மேற்கொண்டு பேசாமல் விட்டார்.

ப்ரென்னர் கணவாய்க்கு ஏறும்போது வானம் இருண்டது. முதலில் தூறல், பிறகு ஆலங்கட்டி, பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாத பனி. ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயர் கட்டையாகிவிடும் என்று பீர் மேசையில் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவர் ஆல்வின். வெளியே சைபர் டிகிரி என்று வண்டி காட்டியது. கல்யாணம், கோயில் வாசல், மகள் தனியாக நடந்து போவது எல்லாம் கண்முன் வந்தது. சாலையோரத்தில் கோடைக்கு மாறிவிட்ட வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, குறுக்கே திரும்பி, வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

"நீ சொன்னே" என்றார் மெல்லிய குரலில். "பிப்ரவரியிலேயே சொன்னே."

"மெதுவா மிதி. போகும்" என்றாள் ரோஸ்வித்தா.

மிதித்தார். வண்டி போயிற்று. ஒரு வழுக்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை. ஆடு மலையேறுவதுபோல் ஏறி, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. வெயில் வந்ததும் ஆல்வின் ஓரமாக நிறுத்தி, இறங்கி, நாலு டயரையும் தட்டிக்கொடுத்தார்.

"பனியில கூடப் பிடிக்கிற கோடை டயர். பத்திரிகைக்காரன் எவனும் இதை எழுதலையே. ரெண்டாம் இடமாம், ரெண்டாம் இடம்."

"நல்லாத்தான் பிடிச்சுது" என்றாள் ரோஸ்வித்தா.

சனிக்கிழமை ஆல்வின் மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். இருவரும் அழுதார்கள். விருந்தில் பெண்ணின் அப்பா பேச வேண்டும் என்றார்கள். பேசினார். மகளைப் பற்றிக் கொஞ்சமும் டயரைப் பற்றி நிறையவும் பேசினார். பனியில் நடந்த கதையைச் சொன்னபோது மாப்பிள்ளையின் அப்பா அலோய்ஸ் மட்டும் கை தட்டவில்லை. ஓட்டை உடைசலான ஒரு சின்ன வண்டியில் மலைச்சரிவெல்லாம் ஏறி இறங்கும் மனிதர் அவர்.

"டயர்னா டயர்தான். கறுப்பா, வட்டமா இருக்கணும்" என்றார்.

ஆல்வினுக்கு அது உறைத்துவிட்டது. திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புமுன், "சம்பந்தி, ஒரு நடை உட்கார்ந்து பாருங்க" என்று அவரைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். ரோஸ்வித்தாவும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"காத்தாட வர்றேன்."

மலைப்பாதையின் இரண்டு பக்கமும் ஆப்பிள் பூத்திருந்தது. ஆல்வின் ஒரு வளைவை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"கையால தேடாதீங்க சம்பந்தி. உட்கார்ந்திருக்கிற இடத்துல கவனம் வைங்க. இப்ப வளையுது பாருங்க. தெரியுதா?"

அலோய்ஸ் கண்ணை மூடிக் கவனம் வைத்தார். வெகுநேரம் வைத்தார்.

"ஏதோ தெரியுற மாதிரி இருக்கு" என்றார்.

"தெரியும். இதே கோடை டயர் இல்லாம, நான் முன்னாடி வச்சிருந்த அந்தக் குளிர் டயரா இருந்திருந்தா இந்நேரம் நீங்க ஜன்னல்ல ஒட்டிக்கிட்டிருப்பீங்க."

"ஆமாய்யா, விஷயம் இருக்கத்தான் செய்யுது. எனக்கும் ஒரு செட்டுக்குச் சொல்லுங்க."

ஆல்வினுக்கு இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. அடுத்த வளைவில் போன் அடித்தது. வண்டியோடு இணைத்த போன், குரல் ஒலிபெருக்கியில் வரும். டயர் கடை என்று திரையில் பெயர் வந்தது.

"அப்புறம் பேசிக்கலாம், எடுக்காதே" என்றாள் ரோஸ்வித்தா பின்னாலிருந்து, அவசரமாக.

"கடைக்காரங்கதான். சம்பந்திக்கும் சேர்த்தே சொல்லிடுவோம்" என்று ஆல்வின் பொத்தானை அழுத்தினார். "ஊர்சுலாம்மா, டயர் அபாரம்."

"ஹேஃபெலே சார், அதுக்குத்தான் கூப்பிட்டேன். வியாழக்கிழமை மாட்டுற ஆள் வரல, வண்டியைக் கழுவி மட்டும் குடுத்தோம்னு அம்மாகிட்ட அன்னைக்கே சொன்னோம். உங்க கோடை டயர் நாலும் இங்கேயே கிடக்குது, எப்ப வந்து மாட்டிக்கிறீங்க?"