இருநூறு பேரைப் பதிதராக்கிய கதை

கோயிலில் தூங்கியவர்கள் உண்டு, தூங்கிக் குறட்டை விட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரே மூச்சில் இருநூறு கத்தோலிக்கரைப் பதிதர்களாக்கியது, அதாவது திருச்சபை விலக்கிய கொள்கைக்காரர்களாக்கியது, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரெஞ்சு பேசும் நகரம்; அதில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் தமிழ்ப் பூசை மாலை நான்கு மணிக்குத்தான் நடக்கும். அதைக் காலைக்கு மாற்றித் தரும்படி கேட்க ஆயரை அழைத்திருந்தோம். பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் சின்ன விசுவாசப் பிரமாணம் ஆயருக்குப் போதாது, நீளமானதைச் சொல்வோம் என்று எங்கள் பங்குச் சுவாமி முடிவெடுத்தார். அது யாருக்கும் பாடமில்லை. திரையில் போடும் பொறுப்பு எனக்கு. (கணினி தெரிந்தவன் என்று நானேதான் சொல்லித் திரிந்தேன்.)

பூசைக்குச் சற்று முன், ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை பிலோமினா ரீச்சர் வந்தார்.

"தம்பி, எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடும். கண் தெரியேல்லை."

போட்டேன். கடைசிச் சொல் திரைக்குக் கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை.

கிறிஸ்து தந்தையிடமிருந்து பிறந்தவர், 'உண்டாக்கப்பட்டவர் அல்லர்' என்று வரவேண்டும். 'அல்லர்' இல்லை. இருநூறு பேரும் பக்தியோடு, "உண்டாக்கப்பட்டவர்!" என்று முழங்கினார்கள்.

முழங்கால் வலியால் உட்கார்ந்திருந்த பிலோமினா ரீச்சர் துள்ளி எழுந்தார். "அல்லர்! அல்லர் எண்டு வரவேணும்! நீர் எங்களை ஆரியுஸின்ர ஆக்களாக்கிப் போட்டீர்!"

மகன் தந்தையால் படைக்கப்பட்டவரே என்று போதித்த பழைய குரு ஆரியுஸ். அவரை மறுக்கத்தான் ஆயர்கள் நிசேயாவில் கூடி அந்த வரியையே எழுதினார்கள். நான் எழுத்தைப் பெருப்பித்து அதைக் கவிழ்த்துவிட்டேன்.

தமிழ் தெரியாத ஆயர் என்னைப் பார்த்து, என்ன நடந்தது என்றார். என் பிரெஞ்சு, தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் பால் அடுக்கிக் கற்றது. 'உண்டாக்கப்பட்ட' என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல், பெட்டிகளில் தயாரித்த நாட்டின் பெயருக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் 'ஃபாப்ரிக்கே'.

"மொன்செய்ஞர், திரையில் யேசு ஃபாப்ரிக்கே. ஆனால் யேசு ஃபாப்ரிக்கே இல்லை!"

ஆயர் முகத்தை மாற்றாமல் கேட்டார்: "எந்த நாட்டில்?"

சுவாமி முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆயரோ தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். இம்முறை அந்த வரி வந்தபோது திரையை ஒருவரும் பார்க்கவில்லை. "அல்லர்!" என்று கோயிலே அதிர்ந்தது. ஹொக்கியில் கோல் போட்டாலும் அப்படிச் சத்தம் வந்திருக்காது. யாரோ கைகூடத் தட்டினார்கள். (நான்தான்.)

பூசை முடிவில் ஆயர் சொன்னார்: "ஒரு சொல்லுக்காக இப்படி எழுந்து நிற்கும் சபையை மாலை வரை காக்க வைப்பது பாவம்." அடுத்த மாதமே காலைப் பூசை கிடைத்தது. பிலோமினா ரீச்சர் என் தோளில் தட்டி, "ஆரியுஸ், வென்று தந்திட்டீர்" என்றார்.

பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியின் வீட்டாருக்கு நான் இன்றும் ஆரியுஸ் அத்தான்தான். போன வாரம் மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஓடிவந்த மகள் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அப்பா, உங்கட பேரில முந்தியும் ஒருத்தர் இருந்தவராம். அவரும் பிழைதான் விட்டவராம்!"