பத்தாம் நம்பர் தாள்

"ஏலே வேல்பாண்டி, உள்ள எத்தன பேரு உக்காந்து எழுதுனீக?"

"ஒம்பது பேரு மொதலாளி."

"அப்ப தாளு ஏம்ல பத்து இருக்கு?"

தாள்களை வாங்கி அடுக்கிக் கொண்டுவந்த வேல்பாண்டி தலையைச் சொறிந்தான். ராஜபாளையத்தில் ஜெய்னுலாப்தீனின் பாத்திரக் கடையில் எடை போடுகிறவன் அவன். அவனையும் நீட் தேர்வு எழுத வைத்த புண்ணியம் முதலாளியின் மகள் அல்ஃபியாவைச் சேரும்.

போன வருஷம், வீட்டில் நன்றாகப் படித்த பெண் தேர்வு மையத்தில் பதறிக் கோட்டை விட்டாள். புது ஊர், புது முகங்கள், அதுதான் காரணம் என்பது அப்பாவின் கணிப்பு. இது இரண்டாவது தடவை. இதிலும் போனால் பி.காம். என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்தப் பேச்சு வந்தாலே அல்ஃபியா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெய்னுலாப்தீனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

ஆகவே அவர் ஒரு தேர்வு மையத்தையே உண்டாக்கிவிட்டார். ஞாயிறுதோறும் மதியம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சான் ரஃபீக்கின் மண்டபத்து மாடி. பஸ் பிடித்துப் போக வேண்டும், வாசலில் சோதனை உண்டு. கூட்டம் வேண்டுமே என்று கடை ஆட்களும் சொந்தக்காரர்களுமாக எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மாதிரி வினாத்தாள், வட்டம் நிரப்பும் விடைத்தாள். பெயர் எழுதக் கூடாது, நாற்காலி நம்பர் மட்டும். கண்காணிப்பாளர் ஜெய்னுலாப்தீன். தைரியம் கொடுப்பதற்காக மகளின் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார். அஸர் தொழுகைக்கு மட்டும் பள்ளிவாசலுக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார்.

திருத்துவதும் அவரே. சரியான விடைகளுக்கு ஓட்டை போட்ட அட்டையைத் தாள்மேல் வைத்து, ஓட்டையில் தெரியும் கறுப்பு வட்டங்களை எண்ணினார்; சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழித்து, 720-க்கு மார்க் போட்டார். அல்ஃபியாவின் ஒன்றாம் நம்பர் தாளுக்கு 310. ரஃபீக்குக்கு 40. வேல்பாண்டி வட்டங்களை வைத்தே ஒரு கோழி வரைந்திருந்தான், கோழிக்கு 52.

பத்தாம் நம்பர் தாளுக்கு 590.

பத்தாம் நாற்காலி ஜன்னலோர வெயிலில் காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வேண்டிய ரஃபீக்கின் மாமியார், முழங்கால் வலி என்று வரவே இல்லை. ஜெய்னுலாப்தீன் மெதுவாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த நாற்காலியைக் கீழே கொண்டு போடச் சொன்னார். தாளையும் ஒன்பதே ஒன்பதாக எண்ணிக் கொடுத்தார். தொழுதுவிட்டு வந்து, மணி அடித்து, அடுக்கை வாங்கினால் பத்து இருந்தது. அல்ஃபியா 260. பத்தாம் நம்பர் 640.

"மச்சான், உண்மையச் சொல்லு. மைட்டோகாண்ட்ரியான்னா என்ன?"

"மெடிக்கல்ல கேட்டுப் பாருங்க மச்சான், வச்சிருப்பாக," என்றார் ரஃபீக். சந்தேகம் தீர்ந்தது. மற்றவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள்.

கடைசியாக மகளைத் தனியே அழைத்தார். "ஏட்டி, எழுதையில ஒனக்கு எதுவும் தெரியுதா? நெழலு, சத்தம்?"

அல்ஃபியா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பின்னால யாரோ மூச்சு விடுற மாதிரியே இருக்கும் அத்தா. அப்ப தெரிஞ்ச விடையெல்லாம் மறந்துபோகுது."

ஜெய்னுலாப்தீனுக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பெற்ற மகளின் முதுகுக்குப் பின்னால் ஏதோ நின்று மூச்சு விடுகிறது! அடுத்த வாரம் இடைவெளியே இல்லாமல் அவளை ஒட்டி நின்றார். தொழுகைக்குப் போகும்போது எல்லோரையும் உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பூட்டு போட்டது போட்டபடியே இருந்தது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் திட்டில், காற்றில் பறக்காமல் பேனா வைத்த பத்தாம் நம்பர் தாள்.

672.

அல்ஃபியாவுக்கு 190.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது பட்டப்பகலில், மார்க்கோடு வந்த பேய். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஞாயிறு அவர் பள்ளிவாசலுக்கே போகவில்லை. மண்டபத்து மூலையிலேயே விரிப்பை விரித்துத் தொழுதார், எழுந்து வந்து மறுபடி மகளுக்குப் பின்னால் நின்றார். மணி அடித்தது. தாள்களை எண்ணினார். ஒன்பதுதான் இருந்தது!

"ஓடிருச்சுல!" என்று கத்தியபடி அல்ஃபியாவின் தாள்மேல் அட்டையை வைத்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார். 140.

அல்ஃபியா முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். ஜெய்னுலாப்தீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"புரிஞ்சுபோச்சுல வேல்பாண்டி. அது எங்கயும் போகல. எம்புள்ள மார்க்கத்தான் இம்புட்டு நாளும் உறிஞ்சிருக்கு."

வேல்பாண்டி கிட்ட வந்தான். "மொதலாளி..."

"நீ சும்மா இரு. போன வருசம் சென்டர் கேட்டுல நின்னேன், அது பத்தல. வார ஞாயித்துக்கெழம பரீட்ச முடியுற வரைக்கும் எம்மவ உக்காந்திருக்க ஜன்னலுக்கு நேரா காம்பவுண்டுச் சுவத்துல ஏறி நின்னாவது அவளையே பாத்துக்கிட்டு இருக்கப் போறேன். எந்தப் பேயி கிட்ட வருதுன்னு பாக்கேன்!"

"ஐயையோ, வேண்டாம் மொதலாளி!" வேல்பாண்டி அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பாப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு, இருந்தாலும் சொல்லிருதேன். அந்தப் பத்தாம் நம்பரு தாளு பூராவும், நான் ஒளிச்சுக் குடுத்த வெத்துத் தாளுல, நீங்க தொழுகப் போற அரை மணி நேரத்துல ஜன்னலோரம் போயி உக்காந்து பாப்பா எழுதுனதுதான். பரீட்ச அன்னைக்கு ஒருநா மட்டும் நீங்க கடையிலயே இருந்துருங்க, பாப்பா டாக்டராயிரும்."