மாமியாரும் இடுக்கும்

“இதுக்குள்ள நான் ஏன் நுழையணும்?” என்று குகைக்குள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள் செரேயானா.

எதிரே இரண்டு சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. கர்ப்பத்தை மறைக்கிற பெண் அதில் மாட்டிக்கொள்வாள் என்று அந்த ஆற்றங்கரை முழுக்கப் பேச்சு. டிக்கெட் வாங்கி வரும் வெள்ளைக்காரர்களுக்கு அது சிரிப்பு. சனிக்கிழமை மாமியாராகப்போகும் உனைசிக்குச் சிரிப்பில்லை. காலையில் படகில் செரேயானா வாந்தி எடுத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“நேத்து தின்ன மீன் ஒத்துக்கலை, அத்தை.”

“மீனா, மீன்குஞ்சான்னு இப்பத் தெரிஞ்சிடும். போ. மாட்டினா கல்யாணம் கிடையாது.”

“அப்ப உங்க பையன் முதல்ல போகட்டும்.”

“அவனுக்கு எதுக்கு?”

“எனக்கு மட்டும் எதுக்கு?”

பையன் விலிமோனி அண்ணாந்து வௌவால்களைப் பார்க்க ஆரம்பித்தான். இவனை நம்பியா கல்யாண விருந்துக்குப் பன்றி வாங்கியாகிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செரேயானா பக்கவாட்டில் நுழைந்தாள். அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

“வயித்தை எக்கிட்டா! செல்லாது! இரு, பக்கத்துல வந்து பாக்கறேன்” என்று இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு உனைசியும் நுழைந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

“மூச்சை விடுங்கக்கா” என்றாள் வழிகாட்டி லுசியானா. விட்டாள். கொஞ்சம் நகர்ந்து இன்னும் நன்றாக இறுகிக்கொண்டாள்.

செரேயானா கையைப் பிடித்து இழுத்தாள். தோள் வந்தது. வயிறு வரவில்லை. லுசியானா தேங்காயெண்ணெயை ஊற்றினாள். பிடி வழுக்கி, செரேயானா சேற்றில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

அதற்குள் அடுத்த கூட்டம் டார்ச்சோடு வந்துவிட்டது. லுசியானா வாய்ப்பழக்கத்தில், “கர்ப்பத்தை மறைக்கிறவங்க மாட்டற இடம் இதுதான்” என்று ஆரம்பித்தாள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

“ஏய், வாயை மூடு! எனக்கு நாப்பத்தஞ்சு வயசு!” என்று அலறினாள் உனைசி.

“குகை பொய் சொல்லுமா, அத்தை?” செரேயானா சேற்றிலிருந்து எழவே இல்லை.

“கல்லுக்கு என்னடி தெரியும்? புளுகுக் குகை!”

“இதை வெளிய வந்தும் சொல்வீங்களா? ஊர்ல எல்லார் முன்னாடியும்?”

“சொல்றேன்டி! சனிக்கிழமை கல்யாணம், போதுமா? இழு!”

காலையிலிருந்து வாயே திறக்காத உனைசியின் புருஷன் இலைசா, பின்னாலிருந்து மெல்ல அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

“குகையைத் திட்டாத, உனைசி. கல்யாணம் முடியறவரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டதானே சத்தியம் வாங்கின? அதுகிட்ட வாங்கலையே.”